யாருமே பிடிக்காத ரெய்டு

தட்டினால் மட்டுமே தமிழ் பேசும் இந்த மைக்கை என்னிடம் தள்ளிவிட்ட தலைவர் பெரியதம்பி அவர்களே, பெருமுக்கல் பெரியோர்களே, தாய்மார்களே, பிரியாணி வருதான்னு பின்பக்கமே பார்த்துக்கினு இருக்கும் இளைஞர்களே, வணக்கம்!

நான் சுப்பராயலு. ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை ஆழ்ந்து கற்றவன். இங்கே கபடி ஆடிய கலைப்பிரியாவின் அப்பன்.

இரண்டு ஆண்டுக்கு முன் அவள் முழங்கையில் சிவப்பாய் ஒரு திட்டு, மேலே வெள்ளைச் செதில். நம்மூரில் மருத்துவ மேதைகளுக்குப் பஞ்சமா? "கரப்பான், கத்திரிக்காயை நிறுத்து" என்றார் ஒருவர். "படை" என்றார் இன்னொருவர். எல்லாரையும் மிஞ்சிய பேரறிஞன் நான்! கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். ஒரே வாரத்தில் மறைந்தது. மீசையை முறுக்கினேன், களிம்பை நிறுத்தினேன். போனது முட்டி, முதுகு, உச்சந்தலை என்று குடும்பத்தோடு திரும்பி வந்தது! கைதட்டாதீங்கப்பா, அது விருது இல்ல.

ஆனால் கபடியில் அவள் காற்று! நான்கு மேட்ச், ஒருத்தியும் பிடிக்கவில்லை. "என் ரத்தம்ல!" என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பீற்றினேன்.

வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்: "பிடிக்க முடியாம இல்லப்பா. தொட்டா ஒட்டிக்கும்னு ஒதுங்கிக்கினு போறாங்க. நான் இனிமே ஆடல."

பீற்றிய வாயை மூடிக்கினு விழுப்புரம் பஸ் ஏறினேன். தோல் டாக்டரம்மா செதிலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மூட்டு வலிக்குதா என்றார். என் களிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களிம்பே தேவலாம் என்று நினைத்திருப்பார்.

"இது சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. அடியோட போகும்னு சொல்லமாட்டேன், அடக்கி வைக்கலாம். மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க."

"கபடி ஆடலாமா டாக்டரம்மா?"

"தாராளமா. அடிபட்ட இடத்துல புதுசா திட்டு கெளம்பலாம், முட்டிக்கு உறை போட்டுக்கட்டும்."

'ஒட்டாது' என்று எழுதி வாங்கினேன். "காட்டுப்பா, மறுபடி ஆடறேன்" என்று மகள் சொன்னதும் லேமினேஷன் போட்டு ஒவ்வொரு அணியிடமும் காட்டினேன். படித்தவர்கள் படித்தார்கள். படித்துவிட்டு, பத்தடி தள்ளி நின்றார்கள்! தோலில் இருந்தது யாருக்கு ஒட்டியது? ஒருவருக்கும் இல்லை! நம் வாயில் இருந்தது? ஊருக்கே ஒட்டியது!

இன்று இறுதி ஆட்டம், கடைசி ரெய்டு. திண்டிவனம் அணியின் அருணா பாய்ந்து அவள் காலைப் பிடித்தாள். மேலே நாலு பேர் விழுந்தார்கள். மகள் அவுட்! கோப்பை போச்சு! மண்ணைத் தட்டிக்கினு சிரித்தபடி எழுந்தாள். எதிரணிக்கு எழுந்து நின்று கைதட்டிய ஒரே மடையன் நான்தான்!

"பயமா இல்லியாம்மா?" என்றேன் அருணாவிடம்.

"உங்க சீட்டைப் படிச்சேன் அங்கிள். விட்டா பாயிண்டு போயிடும்ல?"

தலைவரே, எனக்கு வைத்திருக்கும் சால்வையை அந்தப் பெண்ணுக்குப் போடுங்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. எனக்குக் கை கொடுக்க வருகிறவர்கள், கீழே நிற்கும் என் மகளுக்குக் கொடுங்கள். வணக்கம்!