தவறணைக்கு வந்த விரிவுரையாளரும் மாயாண்டியின் ஊரும்

தலைமை தாங்குவதற்கென்றே புதுத் தலைப்பாகை தரித்து வந்திருக்கும் தலைவர் கணேசமூர்த்தி அவர்களே, காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் நிமிர்ந்தும், பெண்சாதி கூப்பிட்டால் குனிந்தும் பழகிய பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய தோளோடும் புருஷனைத் தேடும் கண்ணோடும் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கியை இரவல் தந்துவிட்டு அதன் மேலேயே விழி வைத்திருக்கும் ஹலீம் நானா அவர்களே, மஞ்சு மூடும் மலையில் நெஞ்சு மூடாத நீங்கள் அனைவரும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் கந்தப்பளைக் கள்ளுத் தவறணைக்கு வந்து பேசலாமா, கூடாதா? இதைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பகலெல்லாம் உங்களுக்குப் பிரஜாவுரிமை மனு எழுதுகிறேன். மாலையில் எழுதிய களைப்பைத் தவறணையில் தீர்க்கிறேன். இரண்டு துறையிலும் எனக்கு நிகரான புலமை இந்த வட்டாரத்தில் எவருக்கு உண்டு? சிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் என் பக்கத்து வாங்கில் உட்காருகிறவர்கள்தாம்.

சென்ற மாதம் வந்தார் அந்த விரிவுரையாளர், சின்னத்தம்பி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். மாலை போட்டவன் யார்? நான். வரவேற்றவன் யார்? நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாலையும் பிள்ளையாருக்கு முதல் நாள் போட்டது.

“அறிவை ஏழை மக்களிடம் கொண்டுவந்திருக்கிறம்” என்றார். கொண்டுவருவதற்குக் கோயில் இல்லையா? பள்ளிக்கூடம் இல்லையா? இந்த வாசிகசாலை இல்லையா? ஆண்கள் வாய் திறக்கும் இடம் தவறணை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கள்ளுக் குவளையைக் கையில் வாங்கினார். மழை எங்கே பிறக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடலில் பிறக்கிறதாம், காற்றில் ஏறுகிறதாம், நம் மலையில் முட்டி விழுகிறதாம். எல்லாம் அழகுதான். ஆனால் குவளையில் ஒரு சொட்டுக் குறையவில்லை. தவறணைக்கு வந்து குடிக்காத மனிதனை என் நாற்பத்தாறு வயதில் அன்றுதான் கண்டேன்.

“தொரை அனுப்புன ஆளு” என்றான் ஒருவன்.

“இல்லடா, பொலிசு. செருப்பப் பாரு” என்றான் மற்றவன்.

பேச்சு முடிந்ததும் பையிலிருந்து கொப்பி வந்தது. பென்சில் வந்தது. முன்வாங்கில் இருந்த நம் மாயாண்டியைப் பார்த்து, “உங்கட சொந்த ஊர் எது?” என்றார்.

மாயாண்டி மூன்றாவது குவளையில் இருந்தான். “தொட்டியம் பக்கம்ங்க. எங்க வீட்டு வாசப்படியிலேயே காவேரி ஓடும்ங்க. கால நனைக்காம நான் வெளிய போனதில்ல” என்றான்.

மாயாண்டி பிறந்தது பூண்டுலோயாவில், தோட்டத்து நாலாம் நம்பர் லயத்து வீட்டில். காவேரியை அவன் பார்த்ததில்லை, அவன் அப்பனும் பார்த்ததில்லை. நாம் எல்லாரும் இப்படித்தானே? ஊர் எது என்று கேட்டால் போதும், கண்ணால் காணாத ஊரைக் கதவு நிறத்தோடு வர்ணிப்போம். எனக்கு மட்டும் துறையூரில் இரண்டு தென்னந்தோப்பு இருக்கிறது. வாயில்தான் இருக்கிறது.

ஆனால் பென்சில் ஓடியது, பெரியோர்களே. மாயாண்டியின் பிரஜாவுரிமை மனு நுவரெலியாவில் விசாரணைக்குக் காத்திருக்கிறது. ‘பிறந்ததும் வளர்ந்ததும் இலங்கை’ என்று அதில் எழுதியவன் நான். அந்தக் கொப்பி அதிகாரி கைக்குப் போனால்? மனு தள்ளுபடி. மாயாண்டியும் அவன் பெண்சாதி மீனம்மாவும் நான்கு பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள்.

மறு ஞாயிறு விரிவுரையாளர் வந்தார். பின்னாலேயே மீனம்மா வந்தார். பெண்கள் மிதிக்காத படியை மிதித்து உள்ளே வந்தார். பதினைந்து ஆண்கள் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம். நான் மறைத்தது இரண்டு.

“அந்தக் கொப்பியக் குடுங்கய்யா.”

“இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் அம்மா. ஒருத்தருக்கும் காட்டமாட்டன்.”

“நீங்க காட்டமாட்டீங்க. ஒங்களுக்கு மேல உள்ளவங்க கேட்டா?”

மழை பிறந்த இடம் தெரிந்தவர் கொப்பியைப் புரட்டினார். பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். மீனம்மா அதை என்னிடம் நீட்டி, “அதே தாளான்னு படிங்கண்ணே” என்றார். படித்தேன். ‘மாயாண்டி. காவேரியைக் கண்டிருக்கமாட்டார். கண்டவரைவிட அழகாகச் சொல்கிறார்’ என்று எழுதியிருந்தது.

“நல்லதாத்தான் எழுதியிருக்காரு, தங்கச்சி” என்றேன்.

“காவேரின்னு இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்துவிட்டார்.

விரிவுரையாளர் நல்லவரா, பொல்லாதவரா? என்னைக் கேட்டால் தெரியாது. அவ்வளவு சீக்கிரம் கிழித்துக் கொடுத்தாரே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு பிரதி இருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன். இப்போது கடிதம் போட்டிருக்கிறார், ஞாயிறு மறுபடி வருகிறாராம். வரட்டும். மழையைப் பேசட்டும், மின்னலைப் பேசட்டும். கொப்பியும் பென்சிலும் வாசலில் மீனம்மா கையில் இருக்கட்டும். இதுவே என் தீர்மானம்.

அதற்கு முன் வியாழக்கிழமை இருக்கிறது, மாயாண்டியின் விசாரணை. காகிதத்தை எரித்தோம், வாய்ப்பழக்கத்தை எரித்தோமா? இந்தக் காட்டை வெட்டியவன் யார்? இந்தச் செடியை நட்டவன் யார்? நட்டவனைப் புதைத்த மண் எந்த மண்? அப்பனும் பாட்டனும் படுத்திருக்கும் மேடு இங்கே இருக்க, ஊர் மட்டும் கடலுக்கு அப்பால் எப்படி இருக்கும்?

மாயாண்டி, எழுந்து நில். நான்தான் அதிகாரி. ஒன் சொந்த ஊர் எது?

கேட்கவில்லை. உரக்கச் சொல்.

“பூண்டுலோயா, நாலாம் நம்பர் லயம்ங்க.”

காவேரி தெரியுமா?

“கேள்விப்பட்டிருக்கேன்ங்க.”

அது போதும், உட்கார். அவன் பிறந்தபோது பிரசவம் பார்த்த பேச்சியம்மா முன்வரிசையில் இருக்கிறார்கள். வியாழன் காலை முதல் பஸ்ஸில் அவர்களும் வருகிறார்கள், நானும் வருகிறேன், வாயைக் கட்டிக்கொண்டு. உங்களில் எத்தனை பேர் கூட வருகிறீர்கள்? கை தூக்குங்கள். தலைவரே, எண்ணிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, பஸ்ஸில் சந்திப்போம் என்று சொல்லி அமர்கிறேன். வணக்கம்.