தென்கடல் தீவுக் கீரை

வெட்டிவேர்த் தட்டியை வெயில் ஏறுவதற்கு முன்னால் நனைத்துவிட வேண்டும் ஐயா. ஏறிய பிறகு நனைத்தால் புழுக்கம்தான் மிஞ்சும். உங்கள் போலீஸ் கச்சேரியிலும் செய்து பாருங்கள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் முதலாளியின் தோட்டத்தில் கண்ணாடி வீடு என் பொறுப்பு. தென்கடலின் கோடியில், பனியும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத தீவுகளின் செடிகளை, ஜனங்கள் பார்ப்பதற்காக அங்கே வளர்த்தேன். மதராஸிலிருந்து மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி ரயிலில் வரும். வேரைச் சுற்றி நான்தான் அடுக்குவேன். அப்படியும் முப்பத்திரண்டு நாற்றில் ஒன்றுதான் பிழைத்தது. பார்த்தால் கோசுக்கீரை மாதிரி இருக்கும். ஏழு வருஷம் கழித்து, இந்தப் பங்குனியில், அதன் நடுக்குருத்தில் மொட்டு கண்டது.

தட்டி நனைக்கிற செண்பகம் அந்தக் குருத்தைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கேட்டேன். அவள் பயப்படக்கூட இல்லை.

"இன்னா மேஸ்திரி, ஒரு குருத்துக்கா இவ்ளோ பேஜாரு? கீரைய கிள்ளுனா ஜாஸ்தியாத்தான் துளிர்க்கும். எங்க பாப்பா நாலு நாளா ஜொரத்துல கெடக்குது, ஒண்ணும் எறங்கல. இத கடஞ்சு ஊட்டுனேன், ரெண்டு வாய் துன்னுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் பெண்டாட்டி பிரசவ வலியில் துடித்த அன்றுகூட நான் அந்தச் செடிக்கு ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் அப்படி இல்லை. இரண்டு நாள் பொறுத்தேன். தோலில் மயிர் உதிரச் சுண்ணாம்போடு கலக்கிற பாஷாணத்தைக் கொஞ்சம் எடுத்து, தண்ணீரில் கலக்கி, மிச்ச இலைகளில் தெளித்தேன். புழுவுக்குத்தான். 'விஷம், தொடாதே' என்று பலகையும் வைத்தேன், இங்கிலீஷில். துரைமார் வந்து பார்க்கிற இடமல்லவா? செண்பகத்துக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அதற்கு நான் என்ன செய்வது?

அப்புறம் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். "ஜொரம் கம்மியாய்டுச்சு மேஸ்திரி, இன்னும் வாய்க்குத்தான் ஒண்ணும் புடிக்கல" என்றாள்.

"நான் சாப்பாட்டுக்குப் போறேன். கதவு தொறந்துதான் இருக்கும்" என்றேன். மற்ற நாட்களில் பூட்டிவிட்டுத்தான் போவேன்.

கீரையைக் கடைந்து உப்புப் பார்த்த தாய் இரண்டு நாள் வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பாலாற்று மணலில் புதைத்தார்கள். நானும் போயிருந்தேன். செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு புரண்டாள். குருத்தைக் கிள்ளினால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியட்டும் என நினைத்துக்கொண்டேன்.

புழுவுக்குத்தான் தெளித்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் வேலையில் குறை இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் ஏழு வருஷத்தில் ஒரு புழுவைக்கூட நான் விட்டதில்லை.