தடுப்புப் பலகையின் இரு பக்கமும் கண்டவருக்கு

வேலை இழந்தோரின் வேதனை அறிந்தவரே! வீடு தேடுவோரின் வேட்கை அறிந்தவரே! விதி பிசகாமல் மனிதரைக் காத்தவரே! எங்கள் நிவாரண அலுவலகத்தின் மேலாளர் அம்மா அவர்களே! பணி நிறைவு பெறும் உங்களை, உடன் பணிபுரிந்த நாங்கள் வணங்கி வாழ்த்துகிறோம்.

அடைமொழிகள் இன்னும் பல எழுதி வைத்திருந்தோம். "இவ்வளவையும் படிச்சா மேடம் பாதியிலேயே எழுந்து கோப்பு பார்க்கப் போயிடுவாங்க" என்று கோப்பறை அண்ணன் சொன்னதால் குறைத்துக்கொண்டோம்.

நீங்கள் பொறுப்பேற்ற ஆண்டில்தான் பொருளாதார மந்தம் வந்தது. ஆலைகள் கதவடைத்தன, பாதி எழும்பிய அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. வேலை போனவர்களுக்கு மாத நிவாரணம், முதல் வீடு வாங்குவோருக்கு மானியம் என்று அரசு அறிவித்த இரண்டும் எங்கள் ஒரே கூடத்துக்கு வந்து சேர்ந்தன. நடுவே பிளைவுட் தடுப்பு வைத்து, பக்கத்துக்கு ஒரு கவுண்டர் திறந்தோம். "வேலை போனவங்க இடது பக்கம், வீடு வாங்குறவங்க வலது பக்கம்!" என்று காவலர் கத்துவார். "கத்தாதீங்கண்ணே, போன மாசம் நானும் வலது பக்கம்தான் நின்னேன்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிடும்.

தடுப்பு முடியும் இடத்தில் உங்கள் மேசை. இரு பக்கமும் தெரிந்த ஒரே இருக்கை அதுதான். அங்கிருந்து நீங்கள் செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

அன்று மானியத்துக்குக் கடைசி நாள். வலப்பக்கக் கவுண்டரில் ஒரு பெண். தம்பதியாகக் கொடுத்திருந்த விண்ணப்பம். 'இருவர் வருமானத்திலும் மாற்றமில்லை' என்ற உறுதிமொழியில் அவர் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. "பேனா கொஞ்சம் கொடுங்க. அவருக்கு லீவு கிடைக்கல, அதான் நானே வந்துட்டேன்" என்றார். அதே நேரத்தில் இடப்பக்கக் கவுண்டரில் ஒருவர் குனிந்து, "வீட்டுக்குக் கடிதம் எதுவும் அனுப்பிடாதீங்க சார், வீட்ல இன்னும் சொல்லல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு கோப்புகளும் உங்கள் மேசைக்கு வந்தன. இரண்டிலும் ஒரே முகவரி.

ஒரு கவுண்டரில் சொன்னதை மறு கவுண்டரில் சொல்லக் கூடாது என்பது விதி. பேசாமல் விட்டால் அந்தப் பெண் அறியாமலே பொய்க்குக் கையெழுத்திடுவார். பின்னால் தெரியவந்தால் மானியமும் போகும், வீடும் போகும். கோப்பைத் தடுத்தால் மாலையோடு கெடு முடியும். அவர்கள் கட்டிய முன்பணம் போகும். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களில் ஒருத்தி பேனாவைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டேயிருந்தாள்.

பனிக்கட்டி முழுதும் உருகி முடியும்வரை, எவ்வளவு சூடேற்றினாலும் அதன் வெப்பநிலை ஏறாது. அன்று உங்கள் முகமும் அப்படித்தான், சிறிதும் மாறாமல் இருந்தது.

எழுந்து இடப்பக்கம் போனீர்கள். கணவரின் நிவாரண மனுவைப் பற்றி மனைவியிடம் பேசக் கூடாது. ஆனால் வீட்டு விண்ணப்பம் கணவருக்கும் உரியது; அதைப் பற்றி அவரிடம் பேசலாம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்க மனைவி அந்தப் பக்கம் உறுதிமொழியில கையெழுத்துப் போட நிக்கிறாங்க. வேலை போனவங்க வீட்டு விண்ணப்பத்தை ரத்து பண்ணாம நிறுத்திவைக்கலாம், முன்பணமும் பத்திரம். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்கணும். நான் சொல்ல முடியாது தம்பி, நீங்கதான் சொல்லணும்."

"இன்னைக்கு வேணாம் மேடம். அந்த வீட்டுக்குத் திரைச்சீலைகூட எடுத்துட்டா."

"இன்னைக்கு விட்டா, அதைத் தொங்கவிட சன்னல் இருக்காது."

அவர் தடுப்பைச் சுற்றி நடந்தார். நீங்கள் கூடவே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றீர்கள்.

"அட, லீவு கிடைச்சிடுச்சா?" என்றார் மனைவி.

"இனிமே எல்லா நாளும் லீவுதான்."

மனைவி கையிலிருந்த படிவத்தைக் கவுண்டர் மேல் வைத்தார்.

"அப்போ தினமும் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு எங்க போனீங்க?"

"நூலகத்துக்கு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதும் இல்லாம, அந்தச் சோத்தை நூலகத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களா!"

"சாப்பாட்டோட உள்ள விடமாட்டாங்க. வாசப்படியில."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்து, கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, எங்களிடம் கேட்டார்: "சேர்ந்து வந்துட்டோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

சில மாதங்களில் கணவருக்குக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. நிறுத்திவைத்த விண்ணப்பம் மீண்டும் உயிர்பெற்றது. முன்பணம் கட்டிய அதே கட்டிடத்தில், கீழ்த்தளத்தில், ஓர் அறை குறைவான வீடு. சாவியைக் காட்ட இருவருமே வந்தார்கள். "சின்ன வீடுதான் மேடம், எதையும் ஒளிச்சு வைக்க இடமில்ல" என்றார் மனைவி. கணவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

எந்த உத்தரவும் நீங்கள் போடவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் இரு கவுண்டர்களிலும் கோப்பைத் திறக்குமுன் "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்கத் தொடங்கினோம். எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. அதற்குத் தலைகுனிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் திகைப்பாக இருக்கிறது. நீங்கள் அத்தனை பேரையும் உங்கள் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

அம்மா அவர்களே! உடல்நலமும் மனநிறைவும் குறையாமல் நெடுங்காலம் வாழ்க! மனத்தில் ஒரு பாரம் வந்தால் அதை இறக்கிவைக்க உங்கள் அருகிலும் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். அப்படி ஒருவர் இல்லாத நாளில், எங்கள் கூடத்துக்கு வாருங்கள். எந்தப் பக்கமும் நிற்கலாம்.

என்றும் நன்றியுடன்,
இடப்பக்கக் கவுண்டர், வலப்பக்கக் கவுண்டர், கோப்பறை, காவல் பணியாளர் அனைவரும்