அண்ணியின் காய்ச்சல்

ஹலோ... அண்ணா? கேக்குதா?... கேக்குதாங்கறேன்! முதல்ல அந்தக் கிரேனை நிறுத்து... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரிலேருந்துதான். அண்ணிக்குக் காய்ச்சல் கொதிக்குது... இல்ல, வெறும் காய்ச்சல் இல்ல. அடிவயித்துல சீழ் கட்டியிருக்காம். கர்ப்பப்பைக்குப் பக்கத்துல, கருக்குழாய்கிட்ட...

பதறாத. முழுசாக் கேளு. மருந்து ஏறிட்டிருக்கு. அதுக்குக் கேக்கலைன்னா ஆபரேஷன்தானாம்...

சாப்பாட்டுல ஒண்ணும் இல்லண்ணா. தங்கச்சி நான், உங்கிட்ட இதை எப்படிச் சொல்றது... இரு, வராண்டாவுக்கு வந்துடறேன்.

ம்... அண்ணி தினமும் உள்ள கழுவியிருக்காங்க... கை காலை இல்ல! உள்ள. பொம்பளை உடம்புக்குள்ள. ரப்பர் குழாய வெச்சு, காயம் கழுவற மருந்தைத் தண்ணியில கலந்து பீய்ச்சியிருக்காங்க. நீ வேலை முடிஞ்சு வர்றதுக்கு முன்னாடி, தினமும்...

சுத்தமா இருந்தா என்ன தப்புன்னு நானும்தான் கேட்டேன். டாக்டரம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்குமாம். காவலுக்குன்னே நல்ல கிருமிங்க இருக்குமாம். கழுவிக் கழுவி அதை விரட்டிட்டு, கெட்டதை மேல தள்ளி விட்டிருக்காங்க... வெளியில, வெறும் தண்ணி. அவ்வளவு போதுமாம்.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா?... அண்ணா, என் வாயைக் கிளறாத... அம்மா இல்ல. பக்கத்து வீட்டுக்காரி இல்ல. நீதான்.

கத்தாத!... சரி, நீ கழுவச் சொல்லல. நாத்தம் வருதுன்னு சொன்னியா இல்லையா? தலகாணியைத் தூக்கிட்டுப் போய் சோஃபால படுத்தியா இல்லையா?... ம்... ம்... அந்த வாடையே ஒரு நோயாம்ணா. அப்பவே காட்டியிருந்தா மாத்திரையோட போயிருக்குமாம்.

அப்புறம்... உன்னையும் பரிசோதிக்கணும்னாங்க... சந்தேகம் இல்லண்ணா! இந்த மாதிரி வந்தா புருஷனையும் பாப்பாங்களாம்... ஆமா, ரத்தமும்தான். வீம்பு பண்ணாம வந்து குடு.

இனிமே குழந்தை பொறக்குமாவா?... தெரியல. ஒரு பக்கத்துக் கருக்குழாய் போனாலும் போகலாமாம். அண்ணிக்கு இன்னும் சொல்லல... ஹலோ?... ஹலோ, அண்ணா?... அழறியா?... அழு. ஆனா கிரேன்லேருந்து இறங்கும்போது ஏணியைக் கெட்டியாப் புடிச்சுக்கோ.

இரு இரு, அண்ணி கூப்பிடறாங்க... என்ன அண்ணி?... ஆமா, அவன்தான்... அண்ணா, நீ வர்றியான்னு கேக்கறாங்க. வந்தா பக்கத்துல உக்காருவியான்னு கேக்கறாங்க.

எதுக்கு?... வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டா?... வேணாம். கிரீஸும் வேர்வையுமா அப்படியே வா. அவங்க மூஞ்சியத் திருப்பிக்க மாட்டாங்க.

வெச்சிடறேன்.