லிஃப்டில் எண் எரியாத நாலு நாள்

மார்ச் பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. லிஃப்டுக்குள்ள என்னையும் சேர்த்து ஆறு பேர். ஒருத்தரும் பேசலை.

புது லிஃப்ட் திறப்பு விழா, சர்வீஸ் இன்ஜினியர் நீயும் ரெண்டு வார்த்தை பேசுன்னு மைக்கைக் கொடுத்துட்டீங்க. மோட்டாரைப் பத்திப் பேசினா தூங்கிடுவீங்க. அதனால வேற ஒரு அபார்ட்மென்ட்ல நடந்ததைச் சொல்றேன்... சின்னதுதான், கேட்டுக்கங்க.

அங்க ஒன்பதாவது மாடியில தணிகாசலம்னு ஒருத்தர். ரிட்டயர் ஆனவர். வீட்டுல அவர் மட்டும்தான். ஏழாவது மாடியில மகிழ்னு நாலு வயசுக் குழந்தை. காலையில அம்மாவோட ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, லிஃப்டுல அவரைப் பார்த்தா விடாது.

"எங்க போறீங்க?"

"பால் வாங்க."

"நேத்து வாங்கின பால்?"

"பூனை குடிச்சிருச்சு."

"உங்க வீட்லதான் பூனையே இல்லையே?"

"அதைத்தான் நானும் தேடிட்டு இருக்கேன்."

அன்னைக்கு முழுக்க அவருக்குப் பேச்சு அவ்வளவுதான்.

கொஞ்ச மாசம் போச்சு... குழந்தை கேக்கிறதை நிறுத்திடுச்சு. கதவுக்கு மேல ஏழு, ஆறு, அஞ்சுன்னு மாறுதே, அந்த எண்ணையே அண்ணாந்து பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. இவருக்குத் தாங்கலை. "பாப்பாவுக்கு என் மேல கோபமாம்மா?"ன்னு கேட்டிருக்கார். அம்மா சிரிச்சிருக்காங்க. "சேச்சே... வளர்ந்துட்டா சார்."

அப்புறம் ஒரு நாள் அந்த எண் எரியலை. நாலு நாள் எரியலை. கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, போனேன். ஸ்க்ரூவைக் கழட்டிட்டு இருக்கேன், தணிகாசலம் சார் பக்கத்துல வந்து நிக்கிறார். மெதுவா...

"தம்பி, இதை மட்டும் இப்படியே விட்டுட முடியாதா?"

"ஏன் சார்?"

"இது எரியாததால யாருக்கும் எங்க பார்க்கிறதுன்னு தெரியலை. மூஞ்சியைப் பார்த்துக்கிறாங்க. நேத்து அந்தக் குழந்தை, பூனை கிடைச்சுதான்னு கேட்டுச்சுப்பா."

நான் என்ன பண்ணியிருப்பேன்? சரி பண்ணிட்டேன். அது என் வேலை.

முதல்ல சொன்னேனே, அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டு இருபதுக்கு, எண் ஓடுதான்னு பார்க்க நானும் ஏறினேன். அவர், ஆபீஸ் போற ரெண்டு பேர், ஏழாவது மாடியில அம்மாவும் குழந்தையும். கதவு மூடுச்சு. எண் எரிஞ்சுது. குழந்தை அவரைப் பார்த்து வாயைத் திறந்துச்சு... அவர் மேல பார்த்துட்டு நிக்கிறார். ஆமாம், அவரும்தான். பழக்கம். குழந்தை அம்மாவைப் பார்த்துச்சு. அம்மாவும் மேல. வாயை மூடிக்கிட்டு, அதுவும் மேல பார்த்துச்சு.

பேசாதேன்னு அதுக்கு யார் சொன்னா? யாராவது அதட்டினாங்களா? அடிச்சாங்களா? ஒருத்தரும் இல்லை. நாம நின்னோம். அது பார்த்துச்சு. அவ்வளவுதான்.

என் பையன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான்னு புலம்புறீங்களே... நீங்க கடைசியா லிஃப்டுல யார்கிட்ட பேசினீங்க? உங்க பதிலுக்கு நான் காத்திருக்கப் போறதில்லை. எனக்கு வேலை இருக்கு.

1. இப்ப உங்க லிஃப்டுல ஏறப் போறேன், எண்ணுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கூட வர்றவங்க என் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆகணும்.

2. முதல்ல ஏறுற குழந்தைகிட்ட, "எங்க போறீங்க?"ன்னு கேப்பேன். பெத்தவங்க பக்கத்துல இருக்கும்போதே கேப்பேன்.

3. ஞாயித்துக்கிழமை, கம்ப்ளெய்ன்ட் எதுவும் வராமலே, அந்த ஒன்பதாவது மாடிக்குப் போய் பெல் அடிக்கப் போறேன்.