முதலில் படிப்பவர்

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. இருபுறமும் பூட்டிய குடோன்கள், நடுவே ஒரு நீளச் சாலை... விடுமுறை என்பதால் ஒரு நாய்கூட இல்லை. அதில் ஒரே ஓர் ஆள் பைக்கில் போகிறார். என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர்.

குண்டா, சிரிக்காதே. பேய்க்கு மத்தியானம் ஆகாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு கேள்.

அவர் போன இடம் ஒரு பதிப்பகம். அத்தனை புத்தகங்களும் ஒரே சர்வரில். எல்லோரும் அதிலிருந்துதான் திறக்க வேண்டும். ஒரு மாதமாக, ஒரு ஃபைல் திறப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முதலாளி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காலையில ஃபைல் டக்குனு திறக்கலேன்னா நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்." இவருக்கு மிச்சமிருந்த வாடிக்கை அது ஒன்றுதான். அக்காவுக்கு ஏழாம் மாதம்.

கேபிளை மாற்றினார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஆன்டிவைரஸை நிறுத்தினார். டிஸ்க்கைச் சோதித்தார்... ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தார். பெரிய பெரிய அட்டைப்படங்கள் கண்ணிமைப்பதற்குள் திறந்தன. இத்தனூண்டு கடிதம் ஒரு நிமிடம் பிடித்தது. நானூறு பக்க நாவல்... வரவே இல்லை. யாரோ படித்து முடித்த பிறகு விடுவது போல.

எந்த ஃபைல் யார் கையில் இருக்கிறது என்று சர்வர் காட்டும். பார்த்தார். எதைத் திறந்தாலும் இவருக்கு முன்னால் ஒரு பெயர் உள்ளே இருந்தது. 'புரூஃப்'.

பிழை திருத்துகிற அம்மாவுக்கு இவர் கையால் போட்டுக்கொடுத்த லாகின் அது. இருபது வருடம் அந்த அம்மா படிக்காமல் ஒரு பக்கம் அச்சுக்குப் போனதில்லை. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் சிவப்பு மையால் கிழித்து, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். இனி கம்ப்யூட்டரே பிழை பார்த்துக்கொள்ளும் என்று முதலாளி அவரை நிறுத்தினார். நிறுத்திய பத்தாம் நாள் அந்த அம்மா செத்துப்போனார். லாகினை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

 மனிதர் ஒரு காரியம் செய்தார் பார்... புது ஃபைலில் 'யாரு நீங்க?' என்று அடித்து, சேமித்து, மூடினார். திரும்பத் திறந்தார்.

'யார் நீங்கள்?'

அந்த அம்மா நெற்றியில் தடவுகிற தைல வாசனை. பிடரிக்குப் பின்னால். சரக்... சரக்... தாளில் பேனா கிழிக்கிற சத்தம். அந்த அறையில் தாளே கிடையாது.

"அதான் வேலைய விட்டுத் தூக்கியாச்சுல்ல, போய்த் தொலையேன்!" என்று கத்திக்கொண்டே லாகினை அழித்தார். சத்தம் நின்றது. நாவல் டக்கென்று திறந்தது. பிழைப்பு தப்பியது.

வீட்டுக்கு வந்தார். "சாப்டீங்களா?" என்று அக்கா கேட்டாள். வாயைத் திறந்தார்... பதில் இல்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாக, இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு நிமிடம் கழித்து, "நான் இன்னும் உணவு உண்ணவில்லை" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் கோட்டை விட்டவர் அவர்! அன்றிலிருந்து அப்படித்தான். எது கேட்டாலும் தாமதம். வந்தால் பிழையே இல்லாத பேச்சு.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். "மாமா எப்படிக்கா இருக்கார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வெகுநேரம்... பிறகு, "அவர் நலமாக இருக்கிறார்" என்றாள். வயிற்றில் இருக்கிற குழந்தையை நினைத்தேன். சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

"அதெல்லாம் சரிடா," என்றான் குண்டன், போர்வைக்குள்ளிருந்து. "நீ ஏன் ஒரு வாரமா புஸ்தகம் மாதிரியே பேசுற?"

நான் வாயைத் திறந்தேன்.

"டேய்..."

"டேய், எதாவது சொல்லுடா. பயமா இருக்கு."

"உன் கேள்வியில் மூன்று பிழைகள் உள்ளன."