வலி போனதால் வந்த வினை

"எங்க வீட்டுக்காரருக்கு வலி போனதுதான் வெனை" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள். எண்பதுகளில் ஒரு காலை, திருவண்ணாமலையில் டாக்டர் வீட்டு வரிசை. புருஷன் ஈர வேட்டியோடு பெஞ்சில் குப்புறக் கிடந்தார்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இடுப்புப் பிடிப்பு போனா அங்கப்பிரதட்சணம் பண்றேன்னு வேண்டிக்கிட்டாரு. மாத்திரை போட்டதும் வலி தெரியல. சாமி தீர்த்துட்டாருன்னு கோயில்ல உருண்டுட்டாரு."

"டாக்டர் சொல்லலியா?"

"வலிக்கும் பிடிப்புக்கும் சேர்த்து ஒரே மாத்திரை, தூக்கம் வரும், வீட்லயே படுத்திருன்னாரு. இந்த மகராசன் ஒண்ணுக்கு ரெண்டா முழுங்கிட்டுப் பிரகாரத்துல போய்ப் படுத்தாரு."

"ஐயோ! இப்ப?"

"மாத்திரை வேகம் இறங்கினதும் இடுப்பை நிமித்தவே முடியல. இந்த வலி போனா இன்னொரு சுத்து உருள்றேன்னு வண்டியில வரும்போதே வேண்டிக்கிட்டாரு."